வாகனப் பாதுகாப்புக் கேமராவும் காப்புரிமை ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுத்திவைத்த வாகனத்தை யார் நெருங்குகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தானே பார்த்துச் சொல்லும் கேமராவை உருவாக்கியவர்கள் அடுத்து நினைப்பது காப்புரிமையைத்தான். விண்ணப்பம் போடும்வரை உற்சாகம் குறையாது. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வறிக்கை கைக்கு வந்த அன்றுதான் குழப்பம் தொடங்கும். அப்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றின் நிலையைத் தனித்தனியே குறிப்பிட்டிருக்கிறேன்.

கேமரா பழையது. பொருள்களைக் கண்டறியும் மென்பொருளும் பழையது. காப்புரிமைக்கு இதில் என்ன மிச்சம்?

நிறைய இருக்கிறது. பெரும்பாலானோர் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

படத்தில் மனிதனையும் காரையும் நாயையும் பிரித்தறிவது எப்போதோ பொது அறிவாகிவிட்டது. முகங்களை விரைவாகக் கண்டறியும் முறையை வயோலா, ஜோன்ஸ் இருவரும் 2001இல் வெளியிட்டார்கள். நடந்துபோகிறவர்களைக் கண்டறியும் தலால், டிரிக்ஸ் முறை 2005இல் வந்தது. படத்தில் உள்ள பொருள்களைக் கண்டறியும் ஃபாஸ்டர் ஆர்-சிஎன்என், யோலோ ஆகிய இரண்டு நியூரல் நெட்வொர்க் முறைகளும் 2015இல் வெளியாயின. நிறுத்திய காரின் சுற்றுப்புறத்தைக் காரின் கேமராக்களே கண்காணிக்கும் சென்ட்ரி மோட் வசதியை டெஸ்லா 2019 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தியது. ஆகவே ‘செயற்கை நுண்ணறிவு மூலம் ஆளைக் கண்டறிந்து எச்சரிக்கும் வாகனக் கேமரா’ என்று எழுதிக்கொண்டு போனால், ஆய்வாளர் அரை நாளுக்குள் மறுத்துவிடுவார்.

மிச்சம் இருப்பவை வாகனத்துக்கே உரிய சிக்கல்கள். எஞ்சின் ஓடாதபோது பேட்டரி ஒன்றுதான் கதி. மூடிய காருக்குள் வெயிலில் செயலி கொதிக்கும். எதிரே வரும் முகப்பு விளக்கு படத்தை வெளுக்கச் செய்யும். நெரிசலான இடத்தில் காரை ஒட்டி நூறு பேர் சும்மா நடந்துபோவார்கள். நூற்றோராவது ஆள்தான் கதவில் கைவைப்பவன். இவற்றில் ஒன்றை மற்றவர்கள் தீர்க்காத வழியில் தீர்த்திருந்தால் உங்கள் கண்டுபிடிப்பு அங்கே இருக்கிறது.

ஆய்வுக்குக் கருவியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமா?

வேண்டாம். காப்புரிமை ஆய்வு முழுக்க ஆவணங்களை வைத்து நடப்பது. உங்கள் கேமரா எத்தனை திருட்டைத் தடுத்தது என்பது அங்கே பெரிதாக எடுபடாது. ஆய்வாளர் கையில் இருப்பவை கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு, வரைபடங்கள், உரிமைக்கோரல்கள். உரிமைக்கோரல் என்பது ‘இதுவரை என் எல்லை’ என்று எண்ணிட்டு எழுதும் வாக்கியம். அந்த வாக்கியத்தைத்தான் ஆய்வாளர் சொல் சொல்லாகப் பிரித்து, முன்பே வெளிவந்தவற்றோடு ஒப்பிடுவார். கருவி அருமையாக இருந்தும் வாக்கியம் அகலமாக இருந்ததால் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம்.

முன்பே வெளிவந்தவற்றை ஆய்வாளர் எங்கே தேடுவார்?

காப்புரிமை ஆவணங்கள் பன்னாட்டு வகைப்பாட்டின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. வாகனத் திருட்டுத் தடுப்பு பி60ஆர் 25 என்ற குழுவில் இருக்கும். கேமரா மூலம் ஊடுருவலைக் கண்டறிவது ஜி08பி 13/196. வாகனத்துக்கு வெளியே உள்ள காட்சியைப் புரிந்துகொள்வது ஜி06வி 20/56, வாகனத்துக்கு உள்ளே உள்ளது ஜி06வி 20/59. ஜி06வி என்ற வகுப்பு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய ஆவணங்களைத் தேடும்போது பழைய வகுப்புகளையும் பார்த்துவிடுங்கள். கண்காணிப்புக் கேமரா அமைப்புகள் எச்04என் 7/18இல் குவிந்து கிடக்கின்றன.

இவை போக, ஆய்வுக் கட்டுரைகள், பயனர் கையேடுகள், விளம்பரக் காணொளிகள், விற்பனையில் உள்ள டாஷ்கேம்களின் விவரத் தாள்கள் எல்லாமே ஆய்வாளருக்கு ஆயுதம்தான். எந்த மொழியில், எந்த நாட்டில் வெளிவந்தது என்பது பொருட்டில்லை. விண்ணப்பத்துக்கு முன் ஒரு வாரம் இந்தக் குழுக்களில் நீங்களே தேடிப் பாருங்கள். இலவசமாகத் தேடும் தளங்கள் இருக்கும்போது இதைச் செய்யாமல் விண்ணப்பிப்பது எனக்குப் புரியாத துணிச்சல்.

ஒரு உரிமைக்கோரலை வைத்தே ஆய்வு எப்படி நடக்கும் என்று காட்ட முடியுமா?

முடியும். கற்பனையான ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“வாகனத்தில் பொருத்தப்பட்ட கேமரா, அதன் படங்களில் பொருள்களைக் கண்டறியும் செயலி, கண்டறியப்பட்ட பொருள் மனிதனாக இருந்தால் காணொளியைப் பதிவுசெய்து உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பும் தொடர்பு அலகு ஆகியவற்றைக் கொண்ட பாதுகாப்பு அமைப்பு.”

ஆய்வாளர் இதை நான்கு துண்டாக்குவார்: கேமரா, கண்டறிதல், மனிதனா என்ற நிபந்தனை, பதிவும் அறிவிப்பும். நான்கும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை, கதை முடிந்தது. இந்த வரைவுக்கு அப்படிப்பட்ட ஆவணம் கிடைக்காமல் போகவே போகாது.

விண்ணப்பதாரர் விவரக்குறிப்புக்குத் திரும்புகிறார். அவருடைய கருவி உண்மையில் செய்வது வேறு. செயலி உறக்கத்தில் இருக்கிறது. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ராடார் மட்டும் விழித்திருக்கிறது. யாரோ நெருங்கினால் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று ராடார் சொல்கிறது. செயலி எழுந்து அந்தத் திசையில் உள்ள கேமராவின் படத்தில் ஒரு பகுதியில் மட்டும் நியூரல் நெட்வொர்க்கை ஓட்டுகிறது. ஆளைச் சுற்றி வரையப்படும் எல்லைப் பெட்டி, கதவுக் கைப்பிடி இருக்கும் பகுதியோடு குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து ஒட்டியிருந்தால்தான் எச்சரிக்கை. அந்தக் காத்திருப்பு நேரம் நிலையானது அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். பேட்டரி மின்னழுத்தம் இறங்க இறங்க, காத்திருப்பு நேரம் நீள்கிறது. ஒவ்வொரு எச்சரிக்கையும் மோடத்தையும் பதிவையும் இயக்கி மின்சாரத்தைத் தின்பதால், பேட்டரி தளரும்போது கருவி இன்னும் உறுதியான அறிகுறிக்காகக் காத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து உரிமைக்கோரல் திருத்தப்படுகிறது. இப்போது ஆய்வாளரிடம் மூன்று ஆவணங்கள். முதலாவதில் ராடார் கேமராவை எழுப்புகிறது. இரண்டாவதில் ஆள் நெடுநேரம் நின்றால் எச்சரிக்கை. மூன்றாவதில் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் கேமரா அணைந்துவிடுகிறது. மூன்றையும் சேர்த்தால் உங்கள் கண்டுபிடிப்பு கிடைத்துவிடுமே என்பார்.

கிடைக்காது என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. மூன்றாவது ஆவணம் கருவியை அணைக்கத்தான் கற்றுக்கொடுக்கிறது. முடிவெடுக்கும் அளவுகோலை மாற்றக் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டாவதில் காத்திருப்பு நேரம் பொய் எச்சரிக்கையைக் குறைக்க வைக்கப்பட்டது. மின்சாரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் சொல்லப்படவில்லை. மூன்றையும் மேசைமேல் பரப்பிவைத்த பொறியாளருக்கும் கிடைப்பது, நிலையான காத்திருப்பு நேரத்தோடு ஓடி 12 வோல்ட்டில் அணைந்துபோகும் கேமராதான். இந்த வாதத்துக்கு வலு சேர்ப்பது விவரக்குறிப்பில் முதல் நாளே இருக்க வேண்டிய ஒரு சிறு அட்டவணை: 12.6 வோல்ட்டில் இத்தனை நொடி, 12.2இல் இத்தனை நொடி, அதனால் மின்செலவு இவ்வளவு குறைந்தது.

புதுமை இருந்தும் ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்று மறுப்பது நியாயமா?

நியாயம்தான். தெரிந்த இரண்டைத் தெரிந்த வழியில் ஒட்டி, எதிர்பார்த்த பலனையே பெற்றால் அதற்குத் தனியுரிமை எதற்கு? இதில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வாகனம் சார்ந்ததே. 2007இல் கேஎஸ்ஆர் - டெலிஃபிளெக்ஸ் வழக்கில், நகர்த்திச் சரிசெய்யக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடலில் மின்னணு உணரியைப் பொருத்தியது எளிதில் தோன்றக்கூடியதே என்று நீதிமன்றம் சொன்னது. பெடலும் இருந்தது, உணரியும் இருந்தது, சேர்க்க வேண்டிய தேவையைச் சந்தையே உணர்த்தியது. ‘டாஷ்கேமில் யோலோவைப் போட்டேன்’ என்பதும் அந்தப் பெடலின் தம்பிதான்.

ஐரோப்பிய அலுவலகம் இதையே வேறு ஒழுங்கில் செய்கிறது. மிக நெருங்கிய பழைய ஆவணத்தை முதலில் தேர்ந்தெடுக்கும். அதிலிருந்து உங்களுடையது எங்கே வேறுபடுகிறது, அந்த வேறுபாடு எந்தத் தொழில்நுட்பப் பிரச்சினையைத் தீர்க்கிறது என்று கேட்கும். அந்தப் பிரச்சினையோடு வரும் வல்லுநர் இந்தத் தீர்வுக்குப் போயே இருப்பாரா என்று பார்க்கும். போயிருக்க முடியும் என்பது போதாது. போயிருப்பார் என்று ஆய்வாளர் காட்ட வேண்டும். பதில் எழுதுகிறவர் பற்றிக்கொள்ள வேண்டிய பிடி இது.

‘இது வெறும் கணினி நிரல்’ என்ற ஆட்சேபம் வருமா?

வரும். எந்த நாட்டில் எந்த வடிவில் என்பதுதான் வேறுபாடு.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 3(கே) கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் ஆகியவற்றை விலக்குகிறது. ஆனால் ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவையோ பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்பு, கணினி நிரல் சார்ந்தது என்பதற்காக மட்டும் விலக்கப்படாது என்று தெளிவுபடுத்தியது. மின்செலவு குறைந்தது, பொய் எச்சரிக்கை குறைந்தது என்பவை அத்தகைய விளைவுகள்.

ஐரோப்பாவில் வாசல் அகலம். கேமரா, செயலி என்று ஒரு கருவியைச் சொன்னாலே உள்ளே விட்டுவிடுவார்கள். ஆனால் கண்டுபிடிப்பின் தரத்தை எடைபோடும்போது தொழில்நுட்பத் தன்மைக்குப் பங்களிக்காத அம்சங்களைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். விளிம்பு, படப்புள்ளிப் பண்புகள் போன்ற அடிப்படைக் கூறுகளைக் கொண்டு படங்களை வகைப்படுத்துவது தொழில்நுட்பப் பயன்பாடே என்று அந்த அலுவலகத்தின் வழிகாட்டியே சொல்கிறது. எனவே பொருள் கண்டறிதலுக்கு அங்கே பயம் குறைவு. ‘காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்புதல்’ போன்ற வணிக வரிகள்தான் மதிப்பில்லாமல் போகும்.

அமெரிக்காவில் கொஞ்சம் கரடுமுரடு. உச்ச நீதிமன்றத்தின் 2014 ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு அருவமான கருத்தைக் கணினியில் ஏற்றினால் மட்டும் போதாது. 2025 ஏப்ரலில் ரீசென்டிவ் - ஃபாக்ஸ் வழக்கில், பொதுவான இயந்திரக் கற்றலைப் புதிய வகைத் தரவில் பயன்படுத்துவதை மட்டும் கோரும் காப்புரிமை செல்லாது என்று, காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்கியூட் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2017இல் தாலஸ் விசியோனிக்ஸ் வழக்கில், உணரிகளை வழக்கத்துக்கு மாறான அமைப்பில் வைத்து, நகரும் தளத்தை ஒட்டி ஒரு பொருளின் நிலையைக் கணக்கிடும் கண்டுபிடிப்பைத் தகுதியுள்ளது என்றது. வாகனக் கேமராக்காரர்கள் நிற்க வேண்டியது இந்த 2017 தீர்ப்பின் பக்கம். ராடார் எங்கே, கேமரா எந்தக் கோணத்தில், எது எதை எழுப்புகிறது என்ற பருப்பொருள் விவரங்கள் உரிமைக்கோரலுக்குள்ளேயே இருக்கட்டும்.

‘கண்டறியும் அலகு’ என்று எழுதியதற்கு ஆட்சேபம் வந்திருக்கிறது. அதில் என்ன தவறு?

அது என்ன செய்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள்; அது எது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் இப்படி எழுதினால் உரிமைக்கோரலின் வீச்சு, விவரக்குறிப்பில் காட்டிய குறிப்பிட்ட அமைப்புக்கும் அதற்கு இணையானவற்றுக்கும் சுருங்கும். விவரக்குறிப்பிலும் அமைப்போ வழிமுறைப் படிகளோ இல்லையென்றால் ‘தெளிவில்லை’ என்று முழுதாகவே மறுக்கப்படும். செயலி, நினைவகம், அதில் உள்ள கட்டளைகள், அவை எந்த வரிசையில் எதைச் செய்கின்றன என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

பயிற்சித் தரவு முழுவதையும் வெளியிட வேண்டுமா?

லட்சக்கணக்கான படங்களைக் கொட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆனால் துறை அறிந்த ஒருவர் படித்துவிட்டு அதைச் செய்து பார்க்க முடிய வேண்டும். எல்லோரும் அறிந்த நெட்வொர்க்கை அப்படியே பயன்படுத்தினால் அதன் பெயரைச் சொன்னால் போதும். உங்கள் திறமையே பயிற்சியில் இருந்தால் நிலைமை வேறு. கதவைப் பிடித்து இழுப்பவனையும் கண்ணாடியில் தலைவாரிக்கொள்பவனையும் உங்கள் நெட்வொர்க் பிரித்தறிகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த வகைப் படங்களைத் திரட்டினீர்கள், எப்படிப் பெயரிட்டீர்கள், உள்ளீடு ஒற்றைப் படமா படவரிசையா, வெளியீடு எப்படி எச்சரிக்கையாகிறது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘தகுந்த தரவைக் கொண்டு பயிற்சி அளிக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரியை நம்பி உட்கார்ந்தால், போதிய விளக்கம் இல்லை என்ற ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வழியிருக்காது. சொல்ல மனமில்லாததைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். அதையே காப்புரிமையின் மையமாகவும் வைக்க முடியாது.

விண்ணப்பிக்கும் முன்பே கேமராவின் காணொளியை இணையத்தில் போட்டுவிட்டோம்.

காணொளியில் எது தெரிகிறது என்று முதலில் பாருங்கள். எச்சரிக்கை ஒலிப்பது மட்டும் தெரிந்தால், உள்ளே மின்னழுத்தத்தைக் கணக்கில் கொள்வது வெளிப்பட்டதாகாது. வழிமுறையை விளக்கியிருந்தால் ஐரோப்பாவில் வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது; அங்கே விதிவிலக்கு மிகக் குறுகியது. இந்தியாவிலும் அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில நிலைகளுக்கே சலுகை. அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். காணொளியை நீக்குவதால் வெளியிட்டது வெளியிடாததாகிவிடாது.

எவ்வளவு காலம் ஆகும்?

முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் அந்த முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கொண்டு விண்ணப்பிக்கலாம்; 1883 பாரிஸ் உடன்படிக்கை தந்த சலுகை இது. பொதுவாக 18ஆம் மாதம் விண்ணப்பம் வெளியாகும். பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பன்னாட்டு விண்ணப்பம் தரும் பிசிடி உடன்படிக்கை வழியே போனால் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் நுழைய முன்னுரிமைத் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம், இந்தியாவிலும் ஐரோப்பிய அலுவலகத்திலும் 31 மாதம். இந்தியாவில் ஆய்வு தானாகத் தொடங்காது, தனியே கோர வேண்டும். 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதம், முன்பு 48 ஆக இருந்தது. பழைய எண்ணை நினைவில் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். கெடு தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். முதல் ஆய்வறிக்கைக்குப் பதில் தர இந்தியாவில் 6 மாதம், கட்டணம் செலுத்தி நீட்டிக்கலாம். அமெரிக்காவில் வழக்கமாக 3 மாதம், கட்டணத்தோடு 6 வரை. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு.

பதில் எழுதும்போது புதிதாகக் கண்டுபிடித்ததைச் சேர்க்கலாமா?

கூடாது. விண்ணப்பத் தேதியன்று ஆவணத்தில் இல்லாத எதையும் திருத்தத்தில் நுழைக்க முடியாது. ஐரோப்பாவில் இதில் மிகவும் கறார்; விவரக்குறிப்பில் ‘ராடார்’ என்று இருக்க, திருத்தத்தில் ‘அருகாமை உணரி’ என்று விரித்தாலே பிடித்துக்கொள்வார்கள். முதல் நாளே ‘ராடார், அகச்சிவப்பு உணரி, மீயொலி உணரி போன்ற அருகாமை உணரி’ என்று எழுதியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. பின்னால் தோன்றிய மேம்பாட்டுக்குப் புதிய விண்ணப்பம்தான் வழி.

இன்னொன்று: ஆய்வாளரோடு பேசுங்கள். அமெரிக்காவில் தொலைபேசி நேர்காணல் வழக்கமான நடைமுறை, இந்தியாவில் மறுப்பதற்கு முன் விசாரணைக்கு அழைப்பார்கள். இருபது பக்க வாதத்தில் தீராதது, காத்திருப்பு நேர வரைபடத்தை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் பேசினால் தீர்வதுண்டு. அவர் ஒருநாளும் உங்கள் கருவியைப் பார்த்ததில்லை என்பதை மறக்காமல் பேச வேண்டும்.

வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவு உதவியது. அதைக் கண்டுபிடிப்பாளராகப் போடலாமா?

முடியாது. டபஸ் என்ற செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய வழக்குகளில் அமெரிக்க ஃபெடரல் சர்க்கியூட் 2022இலும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2023இலும் கண்டுபிடிப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தன.

காப்புரிமை கிடைத்துவிட்டது. இனித் தடையில்லாமல் விற்கலாம்தானே?

காப்புரிமை பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. நீங்கள் விற்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை. ராடார் கேமராவை எழுப்பும் அந்த முதல் ஆவணம் நினைவிருக்கிறதா? அது இன்னும் காலாவதியாகாத காப்புரிமையாக இருந்து, அதன் உரிமைக்கோரல் ‘ராடார் எழுப்பும் வாகனக் கேமரா’ என்று அகலமாக இருந்தால், உங்கள் கருவி அதன் எல்லைக்குள்தான் நிற்கிறது. காப்புரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது என்பதால், விற்கப்போகும் ஒவ்வொரு நாட்டிலும் அது நடப்பில் உள்ளதா, ஆண்டுக் கட்டணம் கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். நடப்பில் இருந்தால் உரிமம் கேட்க வேண்டும். அவர்களுக்கும் உங்கள் காத்திருப்பு நேர முறை தேவைப்பட்டால் பரஸ்பர உரிமமாகப் பேசி முடிக்கலாம். பொது இடத்தில் வழிப்போக்கர்களைப் படம் பிடிப்பது தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் தனி விவகாரம். ஐரோப்பாவில் 2018 முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை அதைக் கண்டிப்போடு பார்க்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் ஒப்புதல் அங்கே செல்லாது.